கண் கட்டிய அம்மன்

எங்கள் கடல் அம்மனின் கண்களைச் சிவப்புத் துணியால் கட்டிய அன்றைக்கே எனக்குப் பயம் ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லை என்று எனக்கும் தெரியும். பீடத்தைக் கரையான் அரித்திருந்தது. ஊதுபத்திப் புகை படிந்து படிந்து முகம் கரிச்சட்டி மாதிரி ஆகியிருந்தது. சரிசெய்து புது வர்ணம் பூசத்தான் வேண்டும். அதற்கு முன் அம்மனை மரியாதையாக வெளியே அனுப்பிவைக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது உளியை வைக்க முடியுமா?

துணியைக் கட்டியவர் கோயில் தலைவர் பூ-ஹுவாட் அண்ணன். எங்கள் படகுகள் பிடித்து வரும் இறாலை வாங்குகிற கிடங்கு அவருடையது. கோயிலும் அந்தக் கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரையோடுதான் நிற்கிறது. முடிச்சைப் போட்டுவிட்டு எங்கள் எல்லோரையும் முறைத்துப் பார்த்தார்.

"இனிமே இது வெறும் மரம். சிட்னியிலேருந்து பூசாரி வந்து கண்ணைத் திறக்கிற வரைக்கும் யாரும் ஊதுபத்தி கொளுத்தக் கூடாது. கும்பிடக் கூடாது. மனசுக்குள்ளகூட எதுவும் கேக்கக் கூடாது. காலி வீட்டுல வெளக்கேத்தி வெச்சா எவன் வேணா உள்ள வந்து குடியேறிடுவான். புரியுதா?"

அவர் மனைவி லாய்-ஹோ அக்கா என் காதருகில் வந்து, "கெடங்கை வாடகைக்கு விடற மாதிரியே பேசுறாரு பாரு இந்த மனுஷன்" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கரையில் கல்லறை இல்லாமல் செத்தவர்கள் ஏராளம். முத்துக் குளித்தவர்கள், புயலில் போனவர்கள், எங்களைப் போலவே படகேறி வந்து கரையைப் பார்க்காமலே போனவர்கள். தங்க இடம் தேடி அலைகிறவர்களுக்குக் காலியாகக் கிடக்கும் ஒரு சிலையைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்?

மற்றவர்களுக்கு அவள் கோயிலில் இருக்கும் அம்மன். எனக்கு அப்படி இல்லை. என் மகளுக்கு அவள்தான் அம்மா.

வியட்நாமிலிருந்து தப்பி வந்த படகில் ஹாய்-எங் பிறந்தாள். அன்றைக்குக் கடலும் கொந்தளித்தது, நானும் கொந்தளித்தேன். பிறந்த குழந்தை அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தது. லாய்-ஹோ அக்கா தன் மடியில் போர்வையில் சுற்றி வைத்திருந்த அம்மன் சிலையை எடுத்து என் முன்னால் வைத்தாள். முழ உயரம்கூட இருக்காது. பயணம் கிளம்பியபோது நகையை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்.

யாரோ "விண்ணரசியே, விண்ணரசியே" என்று கதறினார்கள். லாய்-ஹோ அக்கா அவர்களை அதட்டினாள். எங்கள் கடல்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் அது. பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் அம்மன் முடி சூடி, பட்டு உடுத்தி, பரிவாரத்தோடுதான் கிளம்புவாள். அவள் அலங்காரம் முடிவதற்குள் படகு மூழ்கிவிடும். "அம்மா" என்று கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓடிவருவாள்.

நான் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். "அம்மா, இவ உன் பிள்ளை. நீயே எடுத்துக்கோ. என்னை அம்மான்னு கூப்பிட விடமாட்டேன்" என்றேன். குழந்தை அழுதது.

எங்களிடம் இது புதிதில்லை. பிழைக்காத பிள்ளையைத் தெய்வத்துக்குத் தத்துக் கொடுப்போம். அதன்பின் அந்தப் பிள்ளை பெற்றவளை அம்மா என்று கூப்பிடாது. பெற்றவளும் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லக் கூடாது. இது யார் வீட்டுப் பிள்ளை என்று கெட்டதுகளுக்குத் தெரியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கல்யாணத்தன்று அம்மனிடம் கேட்டு மீட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும் நான் சித்தி. என் கணவர் துவான்-கீ மட்டும் அப்பாவாகவே தங்கிவிட்டார். அம்மன் கல்யாணம் ஆகாதவள் என்பதால் அந்த இடம் காலியாக இருந்தது. ஆண்களுக்கு எப்போதும் இப்படித்தான் வசதியாக அமைந்துவிடுகிறது.

பத்தொன்பது வருஷம் சித்தியாகவே இருந்தேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதும், பள்ளிக்கூடத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தபோதும் "சித்தி" என்றுதான் என் மேல் விழுந்தாள். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பிள்ளை உயிரோடு இருந்தாள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

இப்போது அந்த அம்மாவின் கண்ணைக் கட்டியாயிற்று. கட்டிய நாளிலிருந்து எங்கள் ஆட்கள் யாரும் கடலுக்குப் போகவில்லை. துவான்-கீ ஒருவர் மட்டும் படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மன் கண்ணு மூடியிருக்குன்னு இறாலுக்குத் தெரியுமா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியும்ல? அது போதாதா?"

"புயல் வடக்கே போகுதுன்னு வானிலைக்காரன் சொல்றான். நீ தெற்கே நின்னு ஏன் கத்துறே?"

கூட வேலை செய்கிற வெள்ளைக்காரப் பையன் முந்தின நாளே வேறு படகுக்குத் தாவிவிட்டான். இவர் தனியாகவே போவேன் என்று நின்றார். ஹாய்-எங் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து படகில் ஏறினாள்.

"அப்பா தனியாப் போனா உனக்கு நிம்மதியா இருக்குமா சித்தி? நான் போறேன். வலை இழுக்கத் தெரியாட்டியும் சோறு வெக்கத் தெரியும்."

"அதுவும் தெரியாது" என்றார் அப்பன்.

அவள் கழுத்தில் சிவப்புப் பை இருக்கிறதா என்று சட்டைக் காலருக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அம்மன் முன்னால் எரிந்த ஊதுபத்திச் சாம்பலைக் கட்டிய பை. "கழட்டாதே" என்றேன். "குளிக்கிறப்பவே கழட்டுறதில்ல. கடல்ல கழட்டிக் காயப்போடப் போறேனா?" என்று சிரித்தாள். படகு கிளம்பிவிட்டது. ஆத்திரத்தில் நான் கையைக்கூட ஆட்டவில்லை.

புயல் வடக்கே போகத்தான் செய்தது. போன பிறகு எதையோ மறந்துவிட்டதுபோல் எங்கள் பக்கம் திரும்பியது.

அப்போது செல்போன் எல்லாம் கிடையாது. படகுக்கும் வீட்டுக்கும் இடையில் ரேடியோதான். எங்கள் ரேடியோ சமையலறையில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் துவான்-கீ பேசினார். "ஊசித் தீவுக்குப் பின்னாடி ஒதுங்கி நங்கூரம் போட்டாச்சு. ஒண்ணும் பயமில்ல. ஹாய்-எங் ஏதோ ஒண்ணு காய்ச்சியிருக்கா. கஞ்சியா பசையான்னு தெரியல" என்றார். அதன்பின் நான் எத்தனை தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. மீட்புக்காரர்களைக் கூப்பிட்டேன். காற்று கொஞ்சம் தணிந்தால்தான் எதையும் அனுப்ப முடியும் என்றார்கள்.

மழையில் கோயிலுக்கு ஓடினேன். பூ-ஹுவாட் அண்ணன் ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, துணியை அவுத்துடுங்க."

"பூசாரி வர்ற ப்ளேன் ரத்தாயிடுச்சும்மா. புயல் போகட்டும்."

"புயல் போறதுக்குள்ள ஹாய்-எங் போயிடுவா. நீங்களே திறங்க. ஒரு பொட்டு மை வெக்கிறதுக்கு ஒரு ஆளு சிட்னியிலேருந்து வரணுமா?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். எப்போதும் கத்துகிற மனுஷன் அன்றைக்குக் கத்தவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"நான் திறந்தா அவங்கதான் வந்து உக்காருவாங்கன்னு உன்னால சொல்ல முடியுமா? வெளியில எத்தனை பேரு அலையிறாங்கன்னு உனக்குத் தெரியாதா? யாருன்னே தெரியாத ஒண்ணு கையில அந்தப் பொண்ணைக் குடுக்கப் போறியா?"

அவர் மறுபடியும் பலகையை அடிக்கத் திரும்பியதும் நான் உள்ளே போனேன்.

விளக்கில்லை. ஊதுபத்தி வாசனை இல்லை. வார்னிஷ் வாடை மட்டும் மூக்கில் ஏறியது. அம்மனின் பட்டுடையும் முடியும் தைத்துச் சரிசெய்யப் போயிருந்தன. மேசை மேல் அவள் ஒன்றுமில்லாமல், முழ உயரத்தில், கண்ணில் துணியோடு நின்றாள். கட்டு கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது. மூக்குக்கு மேலே அந்தத் துணி மெதுவாக உள்ளே ஒட்டியது. மெதுவாக வெளியே வந்தது. மறுபடியும் ஒட்டியது.

பலகை இடுக்கில் வந்த காற்றாகத்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு முடிச்சில் கை வைத்தேன். ஏற்கெனவே பாதி தளர்ந்திருந்தது. இழுத்தால் வந்துவிடும். அப்போது மரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. நகத்தால் சுரண்டுவது போல. நிறுத்திவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று கவனித்துவிட்டு, மறுபடியும் சுரண்டுவது போல.

மிச்சமிருந்த கரையானாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த இடத்தில் நின்ற எனக்கு அது கரையானாகத் தெரியவில்லை. "அம்மா, நீதானா?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டு, வேறு ஏதாவது "ஆமாம்" என்று சொல்லிவிட்டால்? ஓடினேன். ஒரு கால் செருப்பு வாசலிலேயே போய்விட்டது.

வீட்டில் லாய்-ஹோ அக்கா ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் துணையாக இருக்க வந்திருந்தாள். "ஈரத் துணியை மாத்துடி" என்றாள். "அப்புறம்" என்றேன். கூரைத் தகரம் எங்கேயோ கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டது.

ரேடியோ கரகரத்தது.

"அம்மா..."

ஹாய்-எங்கின் குரல். பாய்ந்து பேசும் கருவியை எடுத்தேன். லாய்-ஹோ அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா எந்திரிக்க மாட்டேங்கிறாரு. வலையை விரிக்கிற பலகை கயிறு அறுந்து தலையில விழுந்திடுச்சு. அம்மா!"

பொத்தானை விட்டிருக்கிறாள். இரைச்சல் மட்டும் வந்தது. பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

"விடுக்கா, பேசணும்!"

"அவ உன்னைக் கூப்பிடலடி. அம்மனைக் கூப்பிடுறா. அந்தப் பேருக்கு நீ பதில் சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? சித்தின்னு கூப்பிடட்டும். உடனே பேசு. கொஞ்சம் பொறு."

நான் பொறுத்தேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வியர்க்கிறது. கருவியை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, அவள் சித்தி என்று சொல்வதற்காகப் பொறுத்தேன். என் வாக்கை நம்பித்தான் அந்த மூச்சு அவளுக்குள் ஓடுகிறது என்று நம்பியவள் நான். வாக்கை முறித்தால், அதுவும் அம்மன் வீட்டில் இல்லாத நேரத்தில் முறித்தால், அலைகிறது எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். ஓ, இவள் இந்தச் சமையலறையில் இருக்கிறவளின் பிள்ளையா என்று தெரிந்துகொள்ளும். அப்புறம் யார் காப்பாற்றுவது?

"அம்மா, நங்கூரம் நிக்கல. படகு பின்னாடியே போகுது. அம்மா, கேக்குதா?"

மறுபடியும் இரைச்சல். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சித்தி என்று சொல்லிவிடு என் கண்ணே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினேன். பொத்தானை அழுத்தாமல் கெஞ்சினேன்.

"அம்மா, பாறை தெரியுது. எனக்குப் பயமா இருக்கு. யாராவது பேசுங்களேன்."

அவள் அழவில்லை. பிறந்த அன்று அழாமல் கிடந்தாளே, அதே மாதிரி ஒரு அமைதி அந்தக் குரலில் வந்துவிட்டது. அவள் கூப்பிடுகிறவளின் கண்ணை நாங்கள்தான் கட்டி வைத்திருக்கிறோம். அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் அது யாரென்று தெரியாது. கூப்பிடுகிற பிள்ளைக்குப் பதில் சொல்ல உலகத்திலேயே இப்போது ஒரு ஆள்கூட இல்லை.

லாய்-ஹோ அக்காவின் கையை உதறினேன். அவள் சுவரில் போய் மோதினாள்.

"அம்மா இருக்கேன்டி. பேசு."

லாய்-ஹோ அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா!"

"அப்பாவுக்கு மூச்சு இருக்கா?"

"இருக்கு. ரத்தம் வருது."

"தலைக்கு ஒரு துணியைக் கட்டி அவரை அங்கேயே விடு. இப்போ அவருக்கு ஒண்ணும் செய்ய வேணாம். எஞ்சின் ஓடுதா?"

"ஓடுது."

"நங்கூரச் சங்கிலியை இன்னும் விடு. இருக்கிறதை எல்லாம் விடு. அப்புறம் மெதுவா முன்னால ஓட்டு. படகு மூக்கு காத்தைப் பாத்தே நிக்கணும். பாறையைப் பாக்காதே. காத்தை மட்டும் பாரு. பொத்தானை விட்டுட்டு நான் சொல்றதைக் கேளு."

அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கும் வரைக்கும் அந்தப் படகில் வேலை செய்தவள் நான். அதன் எஞ்சின் எப்போது இருமும், சுக்கான் சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று எனக்குத் தெரியும். பேசிக்கொண்டே இருந்தேன். சொல்ல ஒன்றும் இல்லாதபோது திட்டினேன். திட்டவும் ஒன்றும் இல்லாதபோது, வந்ததும் உப்பு முள்ளங்கியோடு கஞ்சி வைத்துத் தருகிறேன், உன் பசையை மீனுக்குப் போடு என்றேன். ஒவ்வொரு தடவை அவள் "அம்மா" என்றபோதும் "இருக்கேன்" என்றேன். ஒவ்வொரு தடவையும் என் முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்று கேட்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பொழுது சாய்வதற்குள் காற்று திசை மாறித் தணிந்தது. மீட்புப் படகு ஊசித் தீவை அடைந்தது.

அடுத்த நாள் அவர்களைக் கொண்டுவந்தார்கள். துவான்-கீ தலைக் கட்டோடு ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "பசைதான். நான் சாப்பிட்டுப் பாத்தேன்" என்றார். அவரைத் திட்டக் குறித்து வைத்திருந்த அத்தனையும் எனக்கு மறந்துபோனது. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது.

ஹாய்-எங் யாரோ கொடுத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். கட்டிக்கொள்ளவில்லை.

"எதுக்கு அவ்வளவு நேரம் பேசாம இருந்தே?"

"நீ அம்மனைத்தானே கூப்பிட்டே?"

"அம்மனையா?" என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அவங்க கண்ணைத்தான் கட்டி வெச்சிருக்கீங்களே, அவங்க எங்கேருந்து வருவாங்க? உன்னைத்தான் கூப்பிட்டேன். ரேடியோல வேற யாரைக் கூப்பிடுவாங்க?"

அவள் தோளிலிருந்து நழுவிய போர்வையை இழுத்துவிட்டேன்.

"வீடு விழுந்து நீ செத்துப் போயிட்டேன்னு நெனச்சேன்" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். நான் படகுக் கயிறு கட்டும் இரும்புக் குற்றி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

புயல் முடிந்து பூசாரி வந்தார். கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அம்மனின் முகத்தில் காட்டி, சிவப்பு மையில் தூரிகையைத் தொட்டு, கண்களைத் திறந்தார். பட்டும் முடியும் திரும்பி வந்திருந்தன. முகம் புது வர்ணத்தில் பளபளத்தது. எல்லோரும் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் போகவில்லை. வாக்கை முறித்தவள் கணக்குத் தீர்க்காமல் எப்படிப் போவாள்?

பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு முட்டி போட்டேன். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குவிவு. ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் ஆமாம். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் மல்லாந்து விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள்.

"இவள் இன்னும் உன் பிள்ளைதானா?" என்று கேட்டுப் போட்டேன். சிரித்தாள்.

"பதில் சொன்னதற்கு என் மேல் கோபமா?" சிரித்தாள்.

"அதற்குப் பதிலாக எதையாவது எடுத்துக்கொள்ளப் போகிறாயா?" என்றேன். கட்டைகள் தரையில் உருண்டு, ஊசலாடி, இரண்டும் மல்லாந்தன.

பின்னால் நின்ற பூ-ஹுவாட் அண்ணன் தொண்டையைச் செருமினார். "சிரிச்சா பதில் இல்லன்னு அர்த்தம். கேள்வி சரியில்ல. வேற மாதிரி கேளு."

வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு அப்படியே இருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மா, பசிக்குது. வீட்டுக்குப் போலாமா?"

ஹாய்-எங்தான். நான் திரும்பவில்லை. அம்மனின் முகத்தையே பார்த்தேன். புதிதாகத் திறந்த கண்கள் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மன் முதலில் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நெடுநேரம் காத்திருந்தேன்.

"அம்மா!" என்று பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது. இந்தத் தடவை குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

"இருக்கேன்டி. வர்றேன்" என்று எழுந்தேன். கட்டைகளை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தேன்.